லைப்ஸிக்கிலிருந்து அப்பாவுக்கு

லைப்ஸிக்,
வியாழன் ராத்திரி

அன்புள்ள அப்பா,

உங்க கடிதம் கிடைச்சது. கவர் ஓரம் நனைஞ்சிருந்தாலும் எழுத்து அழியலை. ஃபோனில் பாதிதான் காதில் விழுது, எழுதிப் போடுன்னு கேட்டிருந்தீங்க. அண்ணன் வாங்கிக் கொடுத்த மிஷினைப் பெட்டியை விட்டே எடுக்கறதில்லைன்னு அம்மா சொல்லிட்டா. முதல்ல அதை மாட்டுங்க.

இங்க குளிர் ஆரம்பிச்சாச்சு. நாலரைக்கே இருட்டிடுது. அறையில் ஹீட்டரைக் குறைச்சுதான் வைக்கிறேன், அதிகச் சூடு வாத்தியத்துக்கு ஆகாது. செல்லோவுக்கு இப்ப குடல் நரம்புத் தந்தி போட்டிருக்கேன். காத்து கொஞ்சம் மாறினாலே சுருதி இறங்கிடும். சுருதியே இங்க அரைக்கட்டை குறைவுதான். பழைய உருப்படிக்கெல்லாம் அப்படித்தான் வைக்கிறாங்க. சாப்பாட்டுக்குக் குறையில்லை. அரபிக் கடையில் பருப்பு கிடைக்குது, வியட்நாம்காரர் கடையில் பச்சை மிளகாய். ராத்திரிக்கு ரொட்டி, இப்ப அதுவே பிடிச்சுப் போச்சு. சனி ஞாயிறு காலையில் ஒரு பேக்கரியில் நிக்கிறேன். பாஷை பழகத்தான், வேற ஒண்ணுமில்லை.

கீழ்வீட்டுக் கிழவியைப் பத்திக் கேட்டீங்க. அதே கதைதான். மத்தியானம் ஒண்ணுலேர்ந்து மூணு வரை சத்தம் கூடாது, ராத்திரி பத்துக்கு மேல கூடாது, ஞாயித்துக்கிழமை வேக்வம் கிளீனர் போட்டா அன்னிக்கு சண்டைதான். ஆனா ஞாயிறு சாயந்திரம் இவங்க ஊர்ப் பழைய மேதை பாக்கோட உருப்படி வாசிச்சா மூச்சு விடமாட்டா. பரிசோதிக்கலாம்னு ஒரு நாள் சங்கராபரணம் வாசிச்சேன். வர்ணத்தில் பல்லவி முடியலை, துடைப்பக் கட்டையால தட்டிட்டா. மறுநாள் வாசல்ல ஒரு பை ஆப்பிள் இருந்தது. யார் வெச்சதுன்னு கேட்டா தெரியாதுங்கறா.

என்ன பாடம் நடக்குதுன்னு கேட்டீங்களே, சொல்றேன். பாக் செல்லோவுக்குத் தனியா எழுதினதில் ரெண்டாவது சூட், டி மைனர். சூட்னா பல உருப்படி சேர்ந்த ஒரு தொகுப்பு. நம்ம கணக்கில் கீரவாணிக்குப் பக்கத்தில் வரும். அதில் முதல் உருப்படி 63 ஆவர்த்தம், மூணு எண்ணிக்கை. முக்கால்வாசியும் ஒரே ஓட்டம். 59-ல் வந்து ஓட்டம் நின்னுடுது. கடைசி அஞ்சு ஆவர்த்தத்துக்கும் தலைக்கு ஒரு கார்டு மட்டும். மூணு நாலு ஸ்வரத்தை ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி, மூணு எண்ணிக்கைக்கும் நீளமா விட்டிருக்கு. வேற ஒரு குறிப்பும் கிடையாது. வில் ஒரே நேரத்தில் ரெண்டு தந்திக்குத்தான் நிக்கும், அதனால எப்படி வாசிச்சாலும் அடி ஸ்வரத்திலிருந்து ஒண்ணு பின்னால ஒண்ணா கொஞ்சம் உடைச்சுதான் ஆகணும்.

சண்டை இங்கதான். எழுதினபடி அஞ்சையும் நேரா வாசின்னு ஒரு கட்சி. அந்தக் காலத்தில் கார்டை மட்டும் எழுதிட்டு, உடைச்சு ஓட்டறதை வாசிக்கிறவங்ககிட்ட விட்டுடுவாங்க, அதனால முன்னே வந்த ஓட்டத்தையே தொடரணும்னு இன்னொரு கட்சி. பாக் கைப்பட எழுதினது இருந்தா பார்த்துடலாம். செல்லோ சூட்டுக்கு அது தொலைஞ்சு போச்சு. மிஞ்சினது மத்தவங்க எடுத்த நகல். கெல்னர்னு ஒரு ஆர்கன் வாத்தியக்காரர் 1726-ல் எடுத்தது ஒண்ணு, பாக்கோட ரெண்டாவது சம்சாரம் அன்னா மக்தலேனா எடுத்தது ஒண்ணு. அந்தம்மா கையெழுத்து முத்து முத்தா இருக்கும். ஆனா எத்தனை ஸ்வரம் ஒரே வில்லில்னு காட்டற வளைவை மட்டும் போற போக்கில் இழுத்து விட்டிருக்காங்க. மூணு ஸ்வரத்துக்கா நாலுக்கான்னு பூதக்கண்ணாடி வெச்சாலும் தெரியாது. எத்தனை பிள்ளைகளை வளர்த்துக்கிட்டு இதையும் எழுதினாங்களோ, நான் குறை சொல்ல மாட்டேன்.

வயலினுக்கு எழுதினது மட்டும் அவர் கையாலேயே, 1720-னு வருஷம் போட்டு, இருக்கு. அதில் ஷகோன்ங்கற உருப்படியில் கார்டு அடுக்கற இடத்தில் 'ஆர்பெஜ்ஜியோ', அதாவது உடைச்சு வாசின்னு எழுதி, எப்படி உடைக்கணும்னு ஆரம்பத்தில் காட்டியும் இருக்கார். உடைக்கணும்னா சொல்லியிருப்பாரே, பாருங்கறது முதல் கட்சி. கார்டா எழுதினா உடைக்கிற வழக்கம் இருந்ததுக்கு இதுவே சாட்சிங்கறது ரெண்டாவது கட்சி. ஆதாரம் ஒண்ணேதான்! நம்ம சுப்பராம தீட்சிதர் 1904-ல் ஸ்வரத்தை அசைக்கிற கமகத்துக்கு அத்தனை குறி போட்டுப் புஸ்தகம் அச்சடிச்சும், கம்பிதம்கற ஒரு கமகத்துக்காக நீங்களும் பெரியப்பாவும் விடிய விடிய மல்லுக்கட்டினது ஞாபகம் வந்தது.

நான் நேராத்தான் வாசிக்கிறேன். ஓட்டத்தை நிறுத்தினவர் அதே ஓட்டத்தை மறுபடி எதுக்கு எடுக்கணும்? காரணம் போதாது, யோசிச்சுட்டு வான்னு வாத்தியார் அனுப்பிட்டார்.

நேரா வாசிச்சா ஒண்ணு இருக்குப்பா. ஒவ்வொரு கார்டும் அடங்கறவரை காத்திருக்கணும். அந்த நேரத்தில் கை தானா உங்க குரலுக்கு நிக்குது. திண்ணையில் பாக்கு சீவிக்கிட்டே "ம், மேலே"ன்னு சொல்வீங்களே, அது. அழக்கூடாதுன்னுதான் இருந்தேன். நந்தினிகிட்ட இதைப் படிச்சுக் காட்டாதீங்க, ஊர் முழுக்கச் சொல்லிடுவா.

சரி, வீட்டு விஷயத்துக்கு வரேன். பெரியப்பா பங்கை விக்கிறதைப் பத்தி எழுதினதைப் படிச்சேன். தாத்தா பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணத்தடி நடை ரெண்டு வீட்டுக்கும் பொதுன்னு இருக்கா, இல்லை கிணறு மட்டும் பொதுவா? நீங்க கையால் எழுதி அனுப்பின நகலில் அந்த வரி ரெண்டு விதமாவும் படிக்க வருது. மூலத்தையே ஜெராக்ஸ் எடுத்து, அண்ணனை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்க. அதைப் பார்க்காம வக்கீல்கிட்ட போக வேண்டாம். பெரியம்மாவையும் ஒரு வார்த்தை கேளுங்க, அந்தக் கிணத்துக்கு அவங்க நகையும் போயிருக்கு.

என் கையெழுத்து வேணும்னா பெர்லின் தூதரகத்தில் பவர் பத்திரம் போடலாம். ரயிலில் ஒண்ணே கால் மணி நேரம்தான். அதுக்குன்னு யாரும் பணம் அனுப்ப வேண்டாம், இருக்கு. அண்ணிக்கு எட்டாம் மாசம் பொறந்தாச்சா? வளைகாப்புக்கு நாள் பார்த்ததும் அண்ணன் சொல்லட்டும், பேக்கரியில் லீவு கேட்டு வீடியோவில் வந்துடறேன். அம்மா முட்டிக்குத் தைலம் வாங்கி வெச்சிருக்கேன், ஊருக்கு வர்ற யார் கையிலாவது கொடுத்து விடறேன்.

அன்புடன்,
செல்வி