சுரங்கத்துக்குள் இறங்குமுன்

அரக்கோணம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். சென்னை மெட்ரோ டிப்போ யார்டிலிருந்து உன்னைச் சுரங்கப் பாதைப் பராமரிப்புக்கு மாற்றிவிட்டார்கள் என்றாய். ஜல்லிப் பாதையில் பழகிய கண்ணோடு உள்ளே போனால் பல கோளாறுகள் தெரியாமல் போய்விடும். போனில் சொன்னால் மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன்.

வெளிப்பாதையில் முதல் கவலை வெயில். விரிய இடமின்றிக் கட்டிப்போட்ட, மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் ஒரு டிகிரி சூடு ஏறினால், உள்ளே கூடும் அழுத்தம் ஏறக்குறைய 1.9 டன். தண்டவாளம் எவ்வளவு நீளம் என்பது இதில் கணக்கே இல்லை. 40 டிகிரியில் டீஸ்ட்ரெஸ் செய்த, அதாவது அந்தச் சூட்டில் அழுத்தமே இல்லாதபடி இறுக்கிய பாதை கத்திரி வெயிலில் 60 டிகிரியைத் தொட்டால், ஒவ்வொரு தண்டவாளத்திலும் 38 டன். அதை நெளியவிடாமல் பிடித்து வைப்பதில் ஸ்லீப்பர் ஓரத்து ஜல்லிக்குப் பெரும் பங்கு. அதனால்தான் உச்சி வெயிலில் ஜல்லியைக் கிளறக் கூடாது என்கிறோம். ஆனால் ஜல்லியிடம் ஒரு நல்ல குணம் உண்டு. பாதை தாழ்ந்தால் தூக்கி, அடியில் ஜல்லி திணித்துப் பேக்கிங் செய்யலாம், விலகினால் தள்ளி நேராக்கலாம். இன்று சரியாக வராததை நாளை மறுபடி செய்யலாம்.

சுரங்கத்தில் அந்த வசதி கிடையாது. தண்டவாளம் பேஸ் பிளேட் என்ற தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும், அந்த பிளேட் ஆங்கர் போல்ட்டால் கான்கிரீட்டில். அடியில் ரப்பர் பேட். மட்டம் தாழ்ந்தால் பிளேட்டுக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து உயர்த்தலாம். அதற்கும் அந்தப் பொருத்தியின் கையேட்டில் ஒரு உச்ச அளவு இருக்கும். அதைத் தாண்டினால் கான்கிரீட்டையே உடைத்துப் போட வேண்டிவரும். ஒரே இடத்துக்கு இரண்டாவது முறை ஷிம் கேட்கிறது என்றால், மூன்றாவது தகட்டைத் தேடாதே. கீழே என்ன இறங்குகிறது என்று சிவில் பிரிவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்.

தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப்பைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி தெரிந்தால் அங்கே ஏதோ அசைந்து உரசுகிறது என்று அர்த்தம். போல்ட் தளர்ந்திருக்கலாம், பேட் நைந்திருக்கலாம். போல்ட்டைக் கைப்பலத்தில் முறுக்கிவிடாதே, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சுதான் வைக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் கான்கிரீட்டில் பதித்த, போல்ட் ஏறும் இன்சர்ட்டே பிடி விட்டுப் பிடுங்கிக்கொண்டு வரும்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது தண்ணீருக்குத்தான். சுரங்கச் சுவரான கான்கிரீட் வளையங்களின் இணைப்பில் கசிகிற நீர் சொட்டுச் சொட்டாக ஒரே இடத்தில் விழும். வெயில் காயாது, காற்றும் சரியாக அடிக்காது. தண்டவாளத்தின் அடிப்பாதம் அங்கே குழிகுழியாக அரிக்கும். மேல்பக்கம் சக்கரம் ஓடி ஓடிப் பளபளவென்று இருப்பதால் பார்க்கிறவனுக்குச் சந்தேகமே வராது. டார்ச்சைத் தாழ்த்தி, பக்கவாட்டில் ஒளி படும்படி பிடி. குழியும் மயிரிழை விரிசலும் நிழலோடு எழுந்து தெரியும். சுவரில் கசிவு விட்டுப்போன வெள்ளை உப்புப் பூப்பு கண்டால், இடத்தைக் காட்டும் மீட்டர் எண்ணோடு குறித்துவை. கசிவோடு மணல் வருகிறது என்றால் அன்றைக்கே மேலே சொல். வெளியே மண் கரைந்து குழி விழுகிறது என்று பொருள். வடிகாலில் படிகிற சகதியையும் விட்டுவைக்காதே. தண்ணீர் தேங்கிப் பேஸ் பிளேட் நனைந்தால் மின் காப்பு கெடும். கொல்கத்தாவில் 1984-இல் தொடங்கிய முதல் மெட்ரோ போல 750 வோல்ட் நேர்மின்சாரம் (டி.சி.) ஓடும் பாதைகளில் இது இன்னும் கொடுமை. கசியும் மின்சாரம் தண்டவாளத்தின் பாதத்தையும் கான்கிரீட் கம்பியையும் சேர்த்தே தின்னும். உங்கள் பாதை 25,000 வோல்ட் மாறுமின்சாரம் (ஏ.சி.), அந்த அளவுக்கு அரிப்பு பயம் இல்லை.

சுரங்கத்தில் வெப்பம் அதிகம் மாறாது, நெளிவு பயமும் குறைவு. ஆனால் கோயம்பேடு–திருமங்கலம், சின்னமலை–சைதாப்பேட்டை மாதிரி பாதை வெளியிலிருந்து உள்ளே இறங்கும் இடங்களைத் தனியாகக் கவனி. ஒரே தண்டவாளத்தின் ஒரு பக்கம் வெயிலில், மறுபக்கம் நிழலில். தண்டவாளத்திலும் பிளேட்டிலும் பெயிண்ட் கோடு போட்டுவைத்து, அது விலகுகிறதா என்று பார்த்து வா. மழைக்காலத்தில் அங்கேதான் தண்ணீரும் இறங்கும், பம்ப் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்.

வளைவுகளில் உள்தண்டவாளத்தில் அலைபோல் தேய்மானம் விழும். ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதே இரைச்சலில் தெரிந்துவிடும். அதைத் தேய்த்துச் சமனாக்கக் கிரைண்டிங் செய்த இரவே இரும்புத் தூளை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். மழை வந்து கழுவிக்கொண்டு போக அது திறந்த வெளி இல்லை.

இரவு 11 மணி கடைசி ரயில், காலை 5 மணி முதல் ரயில் என்றாலும் மின்சாரம் நிறுத்தி, எர்த் செய்து, ஆள் இறங்கி, திரும்ப ஏறி எல்லாம் போக நிஜமாகக் கையில் வருவது மூன்று மணி நேரம் வந்தால் அதிகம். வேலை செய்யும் இடத்தின் இரு பக்கமும் மின்கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டியதை உன் கண்ணால் பார்த்த பிறகு கை வை, அடுத்தவர் சொன்னார் என்று நம்பாதே. டீசல் வண்டி வந்தால் புகை வெளியேற விசிறி ஓடவேண்டும். தண்டவாளங்களை ஒட்டவைக்கும் தெர்மிட் வெல்டுக்குக் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தால் கசிவைச் சோதிக்காமல் பற்றவைக்க விடாதே, எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், பள்ளத்தில் போய்த் தங்கிவிடும்.

கருவிகளை எண்ணி எடுத்துக்கொண்டு இறங்கு, எண்ணிக்கொண்டே ஏறு. ஒரு ஸ்பானர் குறைந்தாலும் அது கிடைக்கும்வரை பாதையைத் திருப்பி ஒப்படைத்துக் கையெழுத்துப் போடாதே அம்மா. முதல் ரயில் தாமதமாகட்டும், பரவாயில்லை.

பகலில் நன்றாகத் தூங்கு.

அன்புடன்,
அப்பா