நவம்பர் 8க்கு போன் வரல

பாப்பா,

டெட்ராய்ட்ல ஸ்னோ கொட்டுதுன்னு அம்மா போன்ல பாத்து சொன்னா, காதை மூடிக்கோ, காத்து பட்டா உனக்கு ஒடனே தலவலி வந்துரும். இங்க மழைதான், அரசலாத்துல தண்ணி நல்லா போகுது. அத்தைக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சுது.

நவம்பர் 8 நீ கூப்பிடல. பரவால்ல, வேலை இருந்திருக்கும். 1895ல இதே நாள்லதான் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கண்டுபிடிச்சாருன்னு எட்டாங்கிளாஸ்ல ஆரம்பிச்சு எக்ஸ்ரே எடுக்குற அப்பாவுக்குன்னு வருஷம் தவறாம எனக்கு வாழ்த்து சொல்லுவ, அதான் பதினொரு மணி வரைக்கும் போனை பக்கத்துலயே வச்சிருந்தேன். வேற ஒண்ணுமில்ல.

ரேடியாலஜி டாக்டர் ட்ரெயினிங்குக்கு இன்டர்வியூ எல்லாம் ஜூம்லதான்னு சொன்னியே, ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காராத, மூஞ்சி இருட்டடிச்சிரும். வெளிச்சம் எதிர்ல இருக்கணும். மொத வருஷ பொது ட்ரெயினிங், அந்த பிரிலிமுக்கும் தனியா அப்ளிகேஷன் போட்டியா, போன தடவ அத கம்மியா போட்டுட்டேன்னு சொன்ன. அது ஒரு வருஷம், அப்புறம் ரேடியாலஜி நாலு வருஷம், அதுல மூணு முடிஞ்சா கோர் எக்ஸாம்னு நீ எழுதி குடுத்த சீட்டு என் பர்ஸ்லதான் இருக்கு, பழைய ஸ்டாஃப் யார் வந்தாலும் எடுத்து காட்டுவேன். ஏழு வயசுல டார்க் ரூம் வாசல்ல நின்னு, ஹேங்கர்ல சொட்டிட்டிருந்த ஈரப்படத்த பாத்து எலும்பு ஒடஞ்சிருக்குப்பான்னு டாக்டருக்கு முன்னாடி சொன்னவ நீ. முப்பது வருஷம் எக்ஸ்ரே படம் எடுத்தேன், ஒண்ணுக்காவது ரிப்போர்ட்ல கையெழுத்து போட முடியுமா நான்? நீ போடுவ. ஆனா ஒரு வார்த்த பேசாம இருக்கியே, அது சரியா?

மார்ச்ல அந்த திங்கக்கிழம, மேட்ச் ஆகல, எங்கயும் ட்ரெயினிங் எடம் கெடைக்கலன்னு மெயில் வந்து நீ அழுதப்ப, சரி ஊருக்கு வந்துருன்னு சொல்லி அம்மாகிட்ட போனை குடுத்துட்டேன். எனக்கு பேச வாய் வரல பாப்பா. இங்க அந்த காலேஜ்ல ரேடியாலஜி மேல்படிப்பு சீட்டு கெடச்சப்ப கையில காசில்லன்னு சொன்னேன்ல, பாபநாசத்து மனை அப்பவும் இருந்துச்சு. தம்பிக்குன்னு வச்சிருந்தேன். அத வித்து மொத தவணை கட்டியிருக்கலாம். நீ படிக்கிற புள்ள, எங்கயாவது வாங்கிருவன்னு நெனச்சு வாயே தெறக்கல. உங்கம்மாவுக்கும் தெரியாது, நேத்துதான் சொன்னேன். ராத்திரி பூரா அவ என்கிட்ட பேசல.

இப்ப மனைய விக்க ஆள் வந்திருக்கு, தம்பியும் சரின்னுட்டான். அப்ளிகேஷனுக்கு வாங்குன கடன மொதல்ல அடை. அடுத்த வருஷம் திரும்ப போடணும்னாலும் போடு, வேணாம்னு தோணுச்சுன்னாலும் சொல்லு. வெளிச்சம் எதிர்ல, மறந்துராத. எந்நேரம்னாலும் கூப்பிடு, நான் முழிச்சுட்டுதான் இருக்கேன். பருப்புப்பொடி அனுப்பவான்னு அம்மா கேக்குறா.

அப்பா