இடாப்பில இருந்த 41 பேர்

கல்லடி, மட்டக்களப்பு,
2026 பெப்ரவரி 8, ஞாயிறு

அன்புள்ள சுட்டிக்கு,

எப்பிடிகா இருக்காய்? அவரும் பிள்ளைகளும் சுகம்தானே? போன கிழம நீ அனுப்பின வொய்ஸ் மெசேஜ மூண்டு தரம் கேட்டன், பின்னால ஸ்னோ தள்ளுற மெசின் சத்தமும் கேட்டிச்சு. பதிலுக்கு நானும் வொய்ஸ் போடுவமெண்டுதான் நினைச்சன், ஆனா இந்தக் கதைய வாயால சொல்லத் தொடங்கினா எனக்கு நடுவில அழுகை வந்திடும், அதால இருந்து எழுதுறன், நீயும் வேலையால வந்து ஆறுதலா இருந்து வாசி.

இஞ்ச எல்லாரும் சுகம். மழ விட்டு இப்பதான் கொஞ்சம் வெயில் பாக்கிறம். அம்மாவுக்கு முழங்கால் நோ, எண்டாலும் வெள்ளிக்கிழமயில மாமாங்கக் கோயிலுக்குப் போறத மட்டும் விடமாட்டா. உன்னக் கேட்டவ, ஆடி அமாவாசைக்கு வாறாயா எண்டு. அதப்பத்திக் கடைசில எழுதுறன்.

போன மாசம் நம்மட பள்ளிக்கூடத்தில 2025 உயர்தர ஏ.எல் பெட்ச்சுக்குப் பிரியாவிடை நடந்திச்சு. வருசா வருசம் நடக்கிறதுதானே எண்டு நினைப்பாய். ஆனா இந்த பெட்ச் எனக்கு வேற. 2017 ல இவங்க ஆறாம் ஆண்டுக்கு வரக்குள்ள நான்தான் வகுப்பாசிரியர். நீளக் காற்சட்ட போடுற வயசில்ல, பேக் முதுகவிடப் பெரிசு, அரவாசிப் பேருக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியா. 41 பேர். வரவு இடாப்பில பேர் எழுதி முடிக்க எனக்கு ஒரு பின்னேரம் போச்சு.

இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடக் காலத்தில கண்டது கொஞ்சமாகா? எட்டாம் ஆண்டு படிக்கக்குள்ள 2019 ஈஸ்டர் ஞாயிறு, டவுனில சீயோன் தேவாலயத்தில குண்டு வெடிச்சு, அதுக்குப் பிறகு கனநாள் பிள்ளைகள்ட பேக்கத் திறந்து பாத்துத்தான் கேட்டுக்குள்ள விட்டது. ஒன்பதாம் ஆண்டு, 2020 மார்ச், கொரோனா. சூம் எண்டாங்க, வட்ஸ்அப் எண்டாங்க, ஒரு ஊட்ட மூண்டு பிள்ளைகளுக்கு ஒரு போன், அதுவும் வாப்பாவோ அப்பாவோ வேலைக்குக் கொண்டு போயிருவார், இரவு பத்து மணிக்கு நோட்ஸ போட்டோ பாத்து எழுதின பிள்ளைகள் இவங்க. பதினோராம் ஆண்டு 2022, பெற்றோல் கியூ, கரண்ட் கட், கொப்பி வில மூண்டு மடங்கு. அந்த வருசச் சாதாரண தர ஓ.எல் சோதினைய 2023 மே கடைசிலதான் எழுதினாங்க. கடைசில ஏ.எல் எண்டு நவம்பர் 10 தொடங்கி எழுதிக் கொண்டிருக்க டித்வா புயல் வந்து, நடுவில நிப்பாட்டி, மிச்சப் பேப்பர ஜனவரியில பொங்கலோட பொங்கலா எழுதினாங்க. படிச்சதெல்லாம் மறந்து போகுது டீச்சர் எண்டு ஒரு பிள்ள மழைக்குள்ள கோல் எடுத்து அழுதிச்சு, எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியல்ல, தமிழ்ப் பேப்பர்ல வாற செய்யுள ரெண்டு பேருமாச் சேந்து போன்லயே சொல்லிப் பாத்தம்.

மறுகா என்ன நடந்திச்செண்டா, சோதினை முடியக் கிட்ட மாணவத் தலைவி என்னட்ட வந்தா. ஆரையம்பதிப் பிள்ள, வாய் திறந்து கனக்கக் கதைக்காது. "டீச்சர், பிரியாவிடைக்கு நாங்க ஓ.எல்லோட நிண்டாக்களையும் கூப்பிடப் போறம், நீங்க ஒபிசில கேட்டுத் தருவீங்களா" எண்டு கேட்டா. நான் கொஞ்ச நேரம் அவட முகத்தையே பாத்துக் கொண்டு நிண்டன். இருபது வருசமா நானும் இஞ்ச பிரியாவிடை பாக்கிறன், படிக்கவும் படிப்பிக்கவும், எனக்கு இது ஒரு நாளும் தோணல்ல.

கணக்கப் பாரு. 41 பேரில ஒன்பது பேர் விஞ்ஞானம், கணிதம் படிக்க டவுன் பள்ளிக்கூடங்களுக்குப் போயிற்றாங்க, நம்மட பள்ளிக்கூடத்தில கலையும் வர்த்தகமும்தானே. 17 பேர் இஞ்சயே ஏ.எல் வரைக்கும் வந்தாங்க. மிச்சம் 15 பேர் நிண்டுட்டாங்க. அந்த 15 பேர்ட காரணமும் எனக்குத் தெரியும், ஏனெண்டா ஒவ்வொருத்தர்ட ஊட்டயும் நான் போயிருக்கன். ஒருத்தன்ட அப்பா தோணியால விழுந்து இடுப்பு ஏலாமப் போச்சு, அவன் மேசன் வேலைக்குப் போனான். ரெண்டு பேர் 2022 ல ஊட்ட சாப்பாட்டுக்கே கஷ்டமெண்டு கடைக்குப் போனாங்க. ஒரு பொடிச்சி தாய் சவூதிக்குப் போனதால மூண்டு தம்பிமார பாக்க நிண்டவள். பதினெட்டு முடிஞ்ச கையோட கலியாணம் கட்டிக் குடுத்த பிள்ளையும் இருக்கு. இலவசக் கல்வி 1945 ல வந்திச்சு, புத்தகமும் சீருடைத் துணியும் சும்மா தாறாங்க, அது பெரிய காரியம், நான் குறை சொல்லல்ல. ஆனா பஸ் காசும் ரியூசன் காசும் ஆரு தாற? ஏ.எல்லுக்கு 80 வீதம் வரவு வேணும், உழைக்கிற பிள்ளைக்கு 80 வீதம் எங்கால வாற?

ஒபிசில கேட்டன். பெரியவங்க ஒருத்தர் சொன்னாங்க, "படிப்ப விட்டுப் போனாக்களுக்கு என்ன பிரியாவிடை டீச்சர், சீருடை இல்லாத ஆக்கள உள்ள விட ஏலாது" எண்டு. எனக்கு நெஞ்சு கொதிச்சிச்சு. விட்டுப் போனாக்களாம். அவங்க எங்க விட்ட, ஏலாமப் போனவங்க. மரியாதையாத்தான் சொன்னன், இந்தப் பிள்ளைகள் ஆறு வருசம் இந்தக் கொடிக்கம்பத்துக்கு முன்னால வெயிலுக்க நிண்டவங்க, இந்த வகுப்பக் கூட்டினவங்க, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில ஓடினவங்க, அவங்களுக்கு ஒருத்தரும் போயிற்று வா எண்டு சொல்லல்ல எண்டு. மூண்டு நாள் தொடந்து போய்க் கேட்டன். நாலாம் நாள் ஓமெண்டாங்க.

அதுக்குப் பிறகு பிள்ளைகளே எல்லாத்தையும் பாத்தாங்க. வட்ஸ்அப்பில தேடி, சைக்கிள்ல ஊடு ஊடாப் போய், கூச்சப்பட்டாக்கள கெஞ்சி. "நாங்க வந்தா எல்லாரும் எங்களப் பாப்பாங்க" எண்டு ஒருத்தன் சொல்ல, "ஓம், பாக்கத்தான் கூப்பிடுறம்" எண்டானாம் நம்மட வர்த்தகப் பொடியன். அந்தச் சொல்லுக்கே அவனுக்கு ஏ கிடைக்கணும்.

ஹோல நீ பாத்திருக்கணும்கா. கிறேப் பேப்பர் தோரணம், பலூன், மேசையில ரோல்ஸ், பற்றிஸ், கேக், பெரிய போத்தல்ல நெக்டோ. இந்த வருசம் பெற்றோர் சோறு பார்சலும் தந்தாங்க, லஞ்ச் சீட்டில கட்டின கோழிச் சோறு. அதிபர் பேசினார், பழைய மாணவர் சங்கம் பேசினாங்க, அதெல்லாம் வழமதான். 15 பேரில 11 பேர் வந்தாங்க. டவுனுக்குப் போனாக்கள்ல நாலு பேர். வந்தாக்கள் முதல்ல பின் சுவரோட ஒட்டிக்கொண்டு நிண்டாங்க, கதிரையில இருக்கல்ல. மேசன் வேலைக்குப் போனவன் அன்றைக்கும் அரைநாள் வேலை செய்துபோட்டு வந்தவன், முகம் கழுவி சேட் மாத்தியிருந்தான், ஆனா நகத்துக்குள்ள சீமெந்து.

என்ட முறை வந்திச்சு. நான் பேச்சு எழுதிக்கொண்டு போகல்ல. 2017 இடாப்ப ஒபிஸ் அலுமாரிக்குள்ள இருந்து எடுத்துக் கொண்டு போனன். ஓரமெல்லாம் கறையான் திண்டு கிடந்திச்சு, என்ட நீல மை கொஞ்சம் மங்கி, எண்டாலும் பேர் வாசிக்கலாம். "இண்டைக்கு வரவு எடுக்கப் போறன்" எண்டன். முதல் பேர் வாசிச்சன். ஹோல் அமைதி. மறுகா பின்னால இருந்து ஒரு குரல், "பிரசன்ட் டீச்சர்." ஆம்புளக் குரல், அதே பிள்ளதான், ஆறாம் ஆண்டில கீச்சுக் குரல்ல சொன்னவன். எல்லாரும் கை தட்டினாங்க. அப்பிடியே 41 பேரையும் வாசிச்சன். கட்டார்ல இருக்கிறவன்ட பேர் வரக்குள்ள அந்த ஆரையம்பதிப் பிள்ள போன மேல தூக்கிப் பிடிச்சா, வீடியோ கோல், மஞ்சள் ஹெல்மெட்டோட நிக்கான், "வந்திருக்கன் டீச்சர்" எண்டான், சத்தம் கொஞ்சம் பிந்தி வந்திச்சு. கலியாணம் முடிச்சவள் கைக்குழந்தையோட எழும்பி நிண்டாள். வராத ஆக்கள்ட பேருக்கு அவங்கட சிநேகிதர் எழும்பி அவங்க எங்க இருக்காங்க எண்டு சொன்னாங்க. ஒரு பேரையும் நான் தாண்டல்ல.

அதுக்குப் பிறகுதான் சேட்டில சைன் வைக்கிறது. உனக்குத் தெரியும்தானே, வெள்ளச் சேட்ட நாசமாக்கி மார்க்கரால கையெழுத்து, கவிதை, ஹார்ட். சீருடையோட வந்தாக்களுக்குச் சேட் இருக்கு, மத்தாக்களுக்கு? தம்பிமார பாக்கிற பொடிச்சி ஒரு ஓரமா நிண்டாள். நான் கிட்டப் போகக்குள்ள ஹேண்ட் பேக்குக்குள்ள இருந்து மடிச்ச ஒரு சாமான எடுத்தாள். அவள்ட பழைய ஸ்கூல் டை. அயன் பண்ணிக் கொண்டு வந்திருக்காள். பின்பக்கத்தத் திருப்பி, "டீச்சர், இதில சின்னதா வைப்பீங்களா" எண்டாள். டைத் துணியில பேனா ஓடாதுகா, இழுபட்டு இழுபட்டு, அவள் ரெண்டு விரலால துணிய இறுக்கிப் பிடிச்சுக் கொண்டு நிண்டாள், நான் என்ட பேர எழுத்தெழுத்தா வச்சன். பிறகு ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு வாங்கினாள், இருபத்தி ரெண்டு பேரோ என்னமோ, இடம் முடிஞ்சு முடிச்சுப் போடுற இடத்திலயும் எழுதினாங்க. அந்த டைய அவள் கழுத்தில போடல்ல. சுருட்டி, கைக்குள்ள வச்சுக்கொண்டு போனாள்.

இப்ப எல்லாரும் ரிசல்ட்டுக்குக் காத்துக்கொண்டிருக்காங்க. எந்நேரமும் இசட் ஸ்கோர் கதைதான். பல்கலைக்கழகத்துக்கு எடுக்கிறது மெரிட்டில 40 வீதம், மாவட்டத்துக்கு 55, பின்தங்கின மாவட்டங்களுக்கு 5 எண்டு எல்லாரும் பாடமா வச்சிருக்காங்க. கலைக்காரர்ல கொஞ்சப் பேராவது வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ போவாங்க எண்டு நம்புறன். மேசன் பொடியன் இந்த முறை பள்ளிக்கூடத்துக்கு வெளியால, தனியா அப்ளை பண்ணி ஏ.எல் எழுதப் போறானாம், என்னட்ட தமிழ் நோட்ஸ் கேட்டிருக்கான். ஞாயிற்றுக்கிழமயில வரச் சொன்னன், இந்தக் கடிதத்த எழுதக்குள்ள முன் விறாந்தையில இருந்து எழுதிக்கொண்டிருக்கான்.

நான் ஏன் அந்த இடாப்ப வாசிச்சன் எண்டு உனக்கு மட்டும்தான் விளங்கும். 2004 சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடம் அகதி முகாமா இருந்து, மறுபடி திறந்த முதல் நாள் நினைவிருக்கா? நம்மட வகுப்பில பாய் விரிச்ச அடையாளம், சுவரில பால்மா பெட்டி ஒட்டின கறை, ஒரு மூலையில ஆரோ விட்டுப் போன சின்னப்பிள்ளைச் செருப்பு. டீச்சர் வந்தா, இடாப்பத் திறந்தா. என்ட பேர வாசிச்சா, நான் பிரசன்ட் எண்டன். எனக்கு அடுத்தது நாவலடிக்காரிட பேர். டீச்சர் வாயத் திறந்தா, சத்தம் வரல்ல. இடாப்ப மூடி வச்சுப்போட்டு வெளியால போயிற்றா. அண்டைக்கு மட்டுமில்ல, நாம சோதினைக்குப் போகு மட்டும் நம்மட வகுப்பில பேர் கூப்பிட்டு வரவு எடுக்கல்ல, தலைய எண்ணித்தான் போட்டது. டீச்சர நான் ஒரு நாளும் குறை நினைக்கல்ல. ஆனா அவள்ட பேர அதுக்குப் பிறகு அந்த வகுப்புக்குள்ள ஒருத்தரும் சத்தமாச் சொல்லல்லகா. பிரியாவிடையும் நடக்கல்ல, ஆருக்கும் மனம் வரல்ல. ஆளாளுக்குச் சோதினைய எழுதினம், அட்மிஷன் கார்ட மடிச்சுக்கொண்டு ஊட்டுக்குப் போனம். நீ அந்த வருசமே வெளிக்கிட்டுட்டாய்.

அதால நான் ஒண்டு நினைச்சிருக்கன். இந்த வருசம் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு நீ வாறதெண்டா, அதுக்கு அடுத்த ஞாயிறு நம்மட பெட்ச்ச பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடுவம். அதிபர்ட்ட வாயால கேட்டிட்டன், ஓமெண்டார். களுதாவளைக்காரி இப்ப பேங்கில இருக்காள், செட்டிபாளையத்தான் லண்டனால வரப் பாக்கிறானாம், காத்தான்குடியில கடை வச்சிருக்கிற நம்மட கணக்குப் புலி எத்தின பேருக்கெண்டாலும் சாப்பாடு தன்ட பொறுப்பெண்டான். ஓ.எல்லோட நிண்டாக்களையும் தேடுறன். இதுவரைக்கும் ஆறு பேர் கிடைச்சிருக்காங்க. நம்மட இடாப்பு சுனாமித் தண்ணியில போகல்ல, நான் பாத்துட்டன், அது இருக்கு. நான் வாசிக்கிறன், அவள்ட பேர் வரக்குள்ள நீ எழும்பி நிக்கணும்.

இன்னொண்டுகா. அந்த டிசம்பர் லீவு விடுறதுக்கு முதல் நீ ஓட்டோகிராப் கொண்டு திரிஞ்சாய்தானே. சோதினைக்கு இன்னும் காலம் கிடக்கு, இப்பவே என்ன அவசரம் எண்டு நானும் மத்தாக்களும் உன்னத் திருப்பி அனுப்பினம். அவள் மட்டும்தான் வாங்கி எழுதினவள், கடைசி வாங்கில கால மடக்கி இருந்துகொண்டு, நாம பாக்கக் கூடாதெண்டு கையால மறைச்சு. அந்தப் புத்தகம் உன்னட்டத்தான் இருக்கெண்டு ஒருக்கா சொன்னாய். அந்தப் பக்கத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்புகா. அவள்ட அம்மா இப்ப திராய்மடுவில இருக்கா, அவள்ட கையெழுத்து ஒண்டும் ஊட்ட இல்லையாம். நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்.

உன்ட,
முன் வாங்குக்காரி