மழைக்காலத் தேனை ஈக்களுக்கே விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரப்பர் மரத்தில் தேன் கிடைக்கும் சீசன் முடிந்ததும் தேனீப் பெட்டியில் இருக்கும் தேனையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு, ஜூன் தொடங்கிச் சீனிப்பாகு ஊற்றித் தேனீக் கூட்டத்தைக் காப்பாற்றி வைப்பது குமரி மாவட்டத்தில் பலருக்கும் வழக்கமாகிவிட்டது. இந்தியத் தேனீக்கு இது ஒத்துவராது. பசி வந்தாலும், தொந்தரவு மிஞ்சினாலும் கூட்டத்தோடு பறந்துவிடுவது அதன் இயல்பு.

தேன் அறையில் (ஈக்கள் தேன் சேர்க்கும் மேல்தட்டு) மட்டும், அதுவும் முக்கால் பங்கு மெழுகால் மூடிய அடைகளை மட்டும் எடுங்கள். மூடாத தேனில் ஈரம் அதிகம், புளித்துவிடும். புழு அறையின் (ஈக்களின் குஞ்சுப் புழுக்கள் வளரும் கீழ்த்தட்டு) மேல்விளிம்பில் இருக்கும் தேனில் கை வைக்கவே கூடாது. ஏப்ரல் கடைசியில் சேரும் தேனை விட்டுவைத்தால் அதுதான் மழைக்காலச் சாப்பாடு. வரும்படி சற்றுக் குறையும், உண்மைதான். ஆனால் பறந்துபோன கூட்டத்துக்குப் பதிலாக வேறு வாங்குவதை விட இது மேல்.

வாரம் தவறாமல் பெட்டியைத் திறப்பதும் வேண்டாம். புழுக்கள் இருக்கும் இடத்தை ஈக்கள் 33 முதல் 36 டிகிரி சூட்டில் காக்கின்றன. மழை நாளில் அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் புழு குளிர்ந்து செத்துப்போகலாம். வாசலைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்: காலில் மகரந்த உருண்டையோடு ஈக்கள் நுழைந்தால் பெரும்பாலும் உள்ளே புழு வளர்கிறது. பெட்டியின் பின்பக்கத்தை லேசாகத் தூக்கினால் தேன் இருப்பு கனத்தில் தெரியும். அடிப்பலகையில் மெழுகுத்தூளும் கறுத்த எச்சமும் கிடந்தால் மட்டும் அன்றே திறந்தாக வேண்டும், அடையைத் தின்னும் மெழுகுப்பூச்சி புகுந்திருக்கிறது. ஈக்கள் காவல் காக்க முடியாத அடையில்தான் அது பெருகும். கறுத்துக் காலியான அடைகளை எடுத்துவிட்டு, ஈக்கள் மொய்க்கிற அளவுக்கே சட்டங்களை விட்டுவையுங்கள்.

1991-92இல் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது புழுக்களைத் தாக்கும் தாய் சாக்புரூட் (Thai sacbrood) வைரஸ். அடையின் கண்ணறைக்குள் தலை நிமிர்ந்து, படகு போல் வளைந்து செத்துக் கிடக்கும் புழுதான் அடையாளம். தூக்கினால் நீர் கோத்த பை மாதிரி வரும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது வீண். பலவீனமான பெட்டிக்கு அடுத்த பெட்டியின் புழுச் சட்டத்தை மாற்றி வைக்கிறோமே, அந்தப் பழக்கமே நோயைச் சுமந்து போகும். நோயைத் தாக்குப்பிடித்து நின்ற கூட்டத்திலிருந்தே புதுக் கூட்டம் பிரிக்க வேண்டும். பலரும் செய்யத் தவறுவது இதைத்தான்.

சீனியே கூடாது என்று சொல்லவில்லை. புதிதாகப் பிடித்த கூட்டத்துக்கும் பட்டினி கிடக்கும் கூட்டத்துக்கும் சீனியும் தண்ணீரும் சம அளவில் காய்ச்சி ஆறவைத்து, 200 மில்லி, அந்தி சாய்ந்த பிறகு பெட்டிக்குள் வைக்கலாம். பகலில் வெளியே சிந்தினால் அயல் பெட்டி ஈக்கள் கொள்ளையடிக்க வரும், கூடவே நோயும் வரும்.

மானியப் பெட்டியோடு அரசு தரும் பயிற்சியில் தேன் எடுக்கும் கருவியைச் சுற்றக் கற்றுத்தந்தால் போதாது. ஜூன், ஜூலையில் இன்னொரு நாள் அதே ஆட்களைக் கூப்பிட்டு, மழைக்காலப் பராமரிப்பைப் பெட்டிக்கு அருகில் நின்று காட்ட வேண்டும்.

– தேனீ வளர்ப்போர், மார்த்தாண்டம்