மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டேன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது, பதில் போடத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பிடிமானம் இல்லாமல் படி ஏறுகிறாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. மகள் நீச்சல் கற்றுக்கொள்கிறாளாமே, முதலில் மூச்சு சரியாக வரட்டும், வேகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

என் பக்கத்துச் செய்தி இதுதான். பத்திரிகை வேலையை விட்டு எட்டு மாதம் கழித்து மறுபடி விளையாட்டைப் பற்றி எழுத ஆரம்பித்திருக்கிறேன். சம்பளத்துக்கு இல்லை, சொந்தமாக.

முதல் சில மாதங்கள் ஒரு மேட்ச்கூடப் பார்க்கவில்லை. டிவியில் ஸ்கோர் தெரிந்தாலே கண் கடிகாரத்துக்குப் போய்விடும். எத்தனை வருஷம் அப்படிப் பார்த்துப் பழகிவிட்டோம்! ஆட்டம் முடிய அரை மணி இருக்கும்போதே இவன் ஜெயித்தால் ஒரு முதல் பாரா, அவன் ஜெயித்தால் இன்னொன்று என்று இரண்டையும் எழுதி வைத்துவிட்டு, கடைசிப் பந்து விழும் நேரத்தில் எந்தப் பாராவை அழிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பிரஸ் பாக்ஸில் கைதட்டக் கூடாது என்பது நல்ல வழக்கம், இப்போதும் அதை மதிக்கிறேன். ஆனால் போன மாதம் ஒரு சின்னத் தடகளப் போட்டிக்குச் சும்மா போயிருந்தேன். 1,500 மீட்டரில் மற்ற எல்லோரும் ஓடி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, கடைசியாக வந்த பையன் மட்டும் கடைசி நூறு மீட்டரைப் பல்லைக் கடித்துக்கொண்டு முழு வேகத்தில் ஓடினான். எழுந்து நின்று கைதட்டினேன், உள்ளங்கை எரிகிற வரைக்கும். அன்று ராத்திரியே நோட்டை எடுத்துவிட்டேன்.

முதலில் எழுதுவது 2010 விம்பிள்டன் டென்னிஸில் நடந்த இஸ்னர் - மஹுத் ஆட்டத்தைப் பற்றி. உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த வாரம் டெஸ்கில் நீதான் இருந்தாய். மூன்று நாள், 11 மணி 5 நிமிடம், கடைசி செட் 70-68. ஸ்கோர்போர்டே 47-47-இல் நின்றுபோனது. நாம் என்ன போட்டோம்? சாதனை, நேரம், இஸ்னர் புல்தரையில் சாய்ந்து விழுந்த படம். மஹுத்துக்கு ஒரே ஒரு வரி, அதுவும் இடமில்லாமல் போய்விட்டது. இப்போது உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த செட்டில் முதலில் சர்வ் போட்டவர் இஸ்னர். அதனால் இஸ்னர் 5-4 என்று முன்னால் போனதிலிருந்து, மஹுத் சர்வ் போட்ட ஒவ்வொரு முறையும் அதில் தோற்றால் ஆட்டமே போய்விடும் என்ற நிலை. அப்படி 64 முறை தப்பித்திருக்கிறார். இரண்டாம் நாள் வெளிச்சம் போய் 59-59-இல் நிறுத்தினார்களே, அன்று ராத்திரி அந்த மனிதர் எப்படித் தூங்கியிருப்பார்? 65-ஆவது முறைதான் இஸ்னர் அவருடைய சர்வீஸை முறியடித்து ஜெயித்தார். ஆட்டம் முடிந்த அன்றே மஹுத் மறுபடி இரட்டையர் ஆட்டத்துக்கு இறங்கியிருக்கிறார். இப்போது கடைசி செட் 6-6 ஆனாலே ஆட்டத்தை முடித்துவைக்கும் பத்துப் புள்ளி டைபிரேக்கர் வந்துவிடுகிறது, ஆகவே இனி எவருக்கும் இப்படி ஒரு நாள் வரப்போவதில்லை. அந்த 64 சர்வீஸைப் பற்றி மட்டும் எழுதப்போகிறேன்.

அடுத்து 1954-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஓட்டக்காரர் பானிஸ்டர் முதல்முறையாக நான்கு நிமிடத்துக்குள், 3 நிமிடம் 59.4 விநாடியில் ஒரு மைல் ஓடியபோது அவருக்கு முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுத்த பிராஷரும் சாட்டவேயும். இரண்டு பேரும் பிற்பாடு பெரிதாகச் சாதித்தவர்கள் (பிராஷர் 1956 ஒலிம்பிக்கில் தடைகளைத் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸில் தங்கமே வாங்கினார்), ஆனால் அன்றைக்கு அவர்களுடைய வேலை அடுத்தவனை ஜெயிக்க வைப்பது. அதில் எனக்கு எழுத நிறைய இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். பழைய வீரர்கள், கோச்சுகள் நம்பர் எல்லாம் இன்னும் போனில் இருக்கிறது. "எழுதிவிடாதே" என்று சொல்லி அவர்கள் மனம் விட்டுப் பேசியது எவ்வளவோ. அதில் ஒரு சொல்லும் வெளியே வராது. நான் வேலையை விட்டதால் அவர்களுக்குக் கொடுத்த வாக்கு தீர்ந்துவிடாது, இல்லையா? வாசகர் எண்ணிக்கைக்காகச் சண்டையை மூட்டும் தலைப்பு வை என்று கேட்டுக் கேட்டுத்தான் அங்கே எனக்கு வெறுத்தது. அதையே வீட்டில் உட்கார்ந்து நான் செய்யக் கூடாது.

மைதானத்துக்குள் போகப் பத்திரிகை அட்டை கிடையாது, வீரர்கள் வெளியே வரும் வழியில் நின்று கேள்வி கேட்கவும் முடியாது. பரவாயில்லை. முழு ஆட்டத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்க நேரம் இருக்கிறது. பயமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். எழுதியதை இன்னொருவர் படித்துத் திருத்தாமல் நான் எதையும் வெளியே விட்டதே இல்லை. ஒரு வருஷம், ஒரு ஸ்கோர் தப்பினால் பிடிக்க ஆள் வேண்டும். கால் ஆறும்வரை நீ வீட்டில்தானே இருப்பாய்?

ஞாயிற்றுக்கிழமைக்குள் முதல் கட்டுரையை அனுப்புகிறேன். எங்கே வேண்டுமானாலும் வெட்டு. மஹுத் பற்றிய பகுதியில் கை வைப்பதற்கு முன்னால் மட்டும் எனக்கு ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்