வாகன இலக்கத்துக்கு அல்ல, நோயாளிக்கு விலக்குத் தாருங்கள்: வீதித் தடுப்புக் கமரா தொடர்பான மூன்றாவது மனு

அனுப்புநர்:
நூலகத்துக்குப் பின்புற வீதிகளில் வசிப்போர் சார்பில், ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
தென் இலண்டன்.

பெறுநர்:
வீதிப் போக்குவரத்துப் பிரிவுப் பணிப்பாளர் அவர்கள்,
கவுன்சில் அலுவலகம்.

பொருள்: குறைந்த போக்குவரத்து வட்டாரத் திட்டத்தில் (குடியிருப்பு வீதிகளூடாக வாகனங்கள் கடந்து போவதைத் தடுக்கும் திட்டம்) புளூ பேட்ஜ் (நடக்க இயலாதோருக்கான வாகனத் தரிப்பு அனுமதி அட்டை) விலக்கும் தண்டப்பணமும்.

மதிப்புக்குரிய ஐயா,

பணிவான வணக்கம். கடந்த மாரியில் ஒரு கடிதமும் பங்குனியில் ஒரு கடிதமும் ஆங்கிலத்தில் தங்களுக்கு அனுப்பினோம். கிடைத்தது என்ற தானியங்கி மின்னஞ்சலைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. இம்முறை தமிழில் எழுதுகிறோம். கையொப்பமிட்ட 64 பேரில் பெரும்பாலோர் தமிழர். எதில் கையெழுத்து வைக்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் வாசித்து அறிந்துதான் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பிரதியை என் மகள் எழுதி இணைத்திருக்கிறாள்.

இடத்தை விளக்கத் தேவையில்லை. நூலகத்தைத் தாண்டி எங்கள் வீதி வளையும் மூலையில், மூன்று மரப்பெட்டிகளில் பூச்செடி வைத்து, கம்பத்தில் கமரா பொருத்தியிருக்கும் அதே இடம்தான். முதல் நாள் தாங்களே அங்கு வந்து நின்றதை நாங்கள் மறக்கவில்லை.

1. திட்டத்தை முழுதாக எடுத்துவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பிள்ளைகள் பயமில்லாமல் பள்ளிக்கு நடந்து போகிறார்கள்; அது நல்லதுதான். இரவில் கமராவை உடைத்தவர்களோடு எங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

2. அறிவிப்புப் பலகை வெளியூரில் இருந்து வருபவர்களுக்கு விளங்குவதில்லை. சிவப்பு வட்டத்துக்குள் ஒரு கார், அதன் மேல் ஒரு மோட்டார் சைக்கிள். அது மோட்டார் வாகனம் எதுவும் போகக்கூடாது என்பதைக் குறிக்கிறது என்று பலர் அறிவது தண்டக் கடிதம் வந்த பிறகுதான். திருப்பத்துக்கு முன்பே எழுத்தில் ஓர் அறிவிப்பு வையுங்கள்.

3. எங்களை வதைப்பது இதுதான். என் மனைவிக்கு 71 வயது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், வைத்தியசாலையில் டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைந்திருக்கிறாள். எங்களிடம் கார் இல்லை. என் கண்பார்வை குறைந்ததால் நான் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். திங்களன்று மகள் வருகிறாள். புதன்கிழமை தமையனின் மகன் மில்ரன் கீன்சில் இருந்து வருகிறான். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு ஜமெய்க்கா அம்மா கூட்டிப் போகிறார்.

மனைவியிடம் புளூ பேட்ஜ் இருக்கிறது. அது ஆளுக்கு உரியது, காருக்கு உரியது அல்ல. எவருடைய காரில் போனாலும் அதைக் கண்ணாடியின் கீழ் வைத்து நிறுத்தலாம் என்பது நாடு முழுவதற்குமான விதி. ஆனால் தங்கள் கமராவைக் கடப்பதற்கு ஒரே ஒரு வாகன இலக்கத்துக்குத்தான் விலக்கு என்கிறீர்கள். நாங்கள் மகளின் இலக்கத்தைப் பதிந்தோம். அப்படியென்றால் புதனும் வெள்ளியும் என் மனைவி நோயாளி இல்லையா?

தடுப்பு வருமுன் வைத்தியசாலையில் இருந்து வீட்டுக்குப் பத்து நிமிடம். இப்போது கீழே இறங்கி, பெரிய வீதியில் பஸ் வரிசைக்குப் பின்னால் ஊர்ந்து, சுற்றி வர நாற்பது நிமிடம் ஆகிறது. டயாலிசிஸ் முடிந்து வருபவருக்கு நாற்பது நிமிடம் என்றால் என்ன என்று தங்களுக்குத் தெரியுமா, ஐயா? இரத்த அழுத்தம் இறங்கிப்போயிருக்கும். கெண்டைக்கால் கல்லாக இறுகும். ஊசி எடுத்த இடத்தில் வைத்த பஞ்சை மற்றக் கையால் அழுத்திப் பிடித்தபடியே வருவாள். வாந்திக்கு மடியில் ஒரு பிளாஸ்டிக் பை.

சித்திரையில் ஒரு புதன்கிழமை மாலை, மரப்பெட்டிகளுக்கு முன்னால் வரும்போது அவளுக்குக் கண் இருண்டது. அங்கிருந்து எங்கள் வாசல் தெரியும். தமையனின் மகன் காரை நிறுத்தி என்னைப் பார்த்தான். போ என்று நான்தான் சொன்னேன். பத்தாம் நாள் கடிதம் வந்தது: 160 பவுண், 14 நாளுக்குள் கட்டினால் பாதி. அந்தக் கடிதத்தில் உங்கள் கமரா எடுத்த படம் இருக்கிறது. கண்ணாடியில் சாய்ந்திருக்கும் வெள்ளைச் சால்வை என் மனைவியின் தலை. வைத்தியசாலைக் கடிதத்தையும் இணைத்து மேன்முறையீடு செய்தோம். விலக்களிக்கத் தக்க காரணம் இல்லை என்று பதில் எழுதியவர், அந்தப் படத்தைப் பார்த்தாரா? இதற்கு முன் வந்த இரண்டையும் பாதிப் பணமாகக் கட்டிவிட்டோம். வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு வந்த ஒன்றை அவர் எங்களிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார். அது இப்போது 240 பவுணாகி நிற்கிறது. உதவி செய்த பாவத்துக்கு அந்த மனிதர் தண்டம் கட்ட வேண்டுமா?

4. இந்த நகரத்தில் மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களுக்குப் பதிலும் கிடைத்திருக்கிறது. வாண்ட்ஸ்வேர்த்தில் 2020 இல் வைத்த தடுப்புகளை அந்த ஆண்டு செப்டெம்பரிலேயே நிறுத்திவைத்தார்கள். ஈலிங்கில் 2021 இல் மக்களிடம் கருத்துக் கேட்டுப் பெரும்பாலானவற்றை அகற்றினார்கள். டவர் ஹம்லெட்சில் வீதிகளைத் திறப்பேன் என்று சொன்னவர் 2022 இல் மேயரானார். மேற்கு டல்விச் திட்டம் சட்டத்துக்கு முரணானது என்று 2025 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியிருப்பாளர்கள் கொடுத்த 53 பக்க ஆவணத்தைக் கவுன்சில் கருத்தில் எடுக்கவில்லை என்பதே காரணம். எங்கள் மனு மூன்று பக்கம்தான். அதையாவது வாசியுங்கள்.

5. வாக்குக் கேட்டு வரும் இரண்டு தரப்பாரும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் எல்லாப் பெட்டிகளையும் தூக்குவோம் என்கிறார். மற்றவர் ஒரு செடியைக்கூட அசைக்க விடமாட்டோம் என்கிறார். முதலாமவர் துண்டுப்பிரசுரத்துக்கு மனைவியின் படம் கேட்டார், நான் மறுத்துவிட்டேன். அவளுடைய நோயை எவருடைய தேர்தலுக்கும் கொடுக்க மாட்டேன். இது தேர்தலால் தீர வேண்டிய விடயமே அல்ல. தங்கள் மேசையில், ஒரு கையெழுத்தால் தீரும்.

6. ஆகவே தயவுசெய்து: விலக்கை நோயாளிக்குத் தாருங்கள். அவரை ஏற்றிவரும் வாகனங்களில் மூன்றையாவது பதிய விடுங்கள். தொடர்ந்து சிகிச்சை பெறுபவர்கள் எத்தனை பேர் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள் என்று வீடு வீடாக வேண்டுமானாலும் கேட்டு நாங்களே பட்டியல் தருகிறோம். நிலுவையில் உள்ள இரண்டு தண்டங்களையும் நீக்குங்கள், முதலில் பக்கத்து வீட்டு அம்மாவுடையதை.

7. பதில் தாருங்கள், ஐயா. முடியாது என்றாலும் அதை ஒரு மனிதர் கையொப்பமிட்டு எழுதட்டும். தயவுசெய்து விலக்கை நோயாளிக்குத் தாருங்கள். வரும் புதன்கிழமை தமையனின் மகனின் முறை. அவனுடைய காரின் இலக்கம் தங்கள் பட்டியலில் இல்லை.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள குடியிருப்பாளர்கள்

இணைப்பு: கையொப்பங்கள் 64, வைத்தியசாலைக் கடிதம், தண்டக் கடிதங்களின் பிரதிகள் 4, ஆங்கிலப் பிரதி.