நாற்றம் நின்ற குழி

உப்புவெளி
ஞாயிறு மத்தியானம்

மச்சான்,

மூன்று மாதமாய்ப் பதில் போடாதது என் பிழைதான், திட்டி முடி. எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். முட்டைக்கோஸ் உன்னை விசாரித்தான்.

போன கிழமை மனிசியின் தம்பி சாகப் பார்த்தான். வளவுக்குள் மூடிக்கிடந்த பழைய மலக்குழியைத் திறந்தபோது குடலைப் பிடுங்குகிற நாற்றம். கொஞ்ச நேரம் குனிந்து நின்றுவிட்டு, "இப்ப மணக்கேல்லை, போயிட்டுது" என்று ஏணியில் கால் வைத்தான். நாலாம் படியில் துவண்டு தொங்கினான். கயிறு கட்டாமல் இறங்கவிட மாட்டேன் என்று அடம்பிடித்த மாமிக்குக் கோணேசரில் அர்ச்சனை செய்யலாம்.

நாற்றம் எங்கேயும் போகவில்லை, மூக்குத்தான் செத்திருக்கிறது. அந்த வாயு ஐதரசன் சல்பைட்டு. காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே மணக்கும். நூறு பங்கானால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும். காற்றைவிடப் பாரம், அடியில் தேங்கும். உள்ளே போனால், கலத்துக்குச் சக்தி செய்து கொடுக்கும் இழைமணியில் ஒட்சிசனுக்கு இலத்திரன் கொடுக்கும் கடைசி நொதியத்தைப் பூட்டிவிடும். சயனைட்டு அடிப்பதும் அங்கேதான்.

இருபது வருடமாய் இதை ஆய்வுகூடத்தில் வாயு செய்யும் கிப்பின் உபகரணம், கறுப்பு வீழ்படிவு என்று மட்டும் படிப்பித்திருக்கிறேன். இப்போது இரவிரவாய் வாசிக்கிறேன். இந்த வாயுவை நம் உடம்பே சிசுத்தேயீன் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்கிறதடா! 1996 இல், நீயும் நானும் லாம்பு வெளிச்சத்தில் மாய்ந்துகொண்டிருந்தபோது, ஜப்பானில் ஆபேயும் கிமுராவும் அது மூளையில் செய்தி கடத்தக்கூடும் என்று எழுதியிருக்கிறார்கள். அதைவிட, இழைமணியில் ஒரு நொதியம் சல்பைட்டின் இலத்திரன்களைப் பறித்து யூபிகுவினோன் என்ற இலத்திரன் காவிக்குக் கொடுக்கிறது. சோற்றிலிருந்து வரும் இலத்திரன் போகிற பாதையிலேயே அவையும் போய் ஒட்சிசனில் சேர்கின்றன. கந்தகம் ஒட்சியேறித் தயோசல்பேற்று, சல்பேற்று என்று சிறுநீரில் கழிகிறது. கொஞ்சமென்றால் அடுப்புக்கு விறகு. மிஞ்சினால் அதே அடுப்பின் புகைபோக்கியை அடைக்கும்.

கிண்ணியாக் கண்டல் சேற்று மணமும் இதுதான். ஒட்சிசன் இல்லாத சேற்றில் பற்றீரியாக்கள் சல்பேற்றை வைத்துத்தான் சுவாசிக்கின்றன. அந்த வள்ளத்தில் நீ யாரைப் பழி சொன்னாயோ, அவனிடம் மன்னிப்புக் கேள்.

ஒன்று சொல்லவேணும், வீட்டில் சொல்லாதே. அவன் தொங்கினதும் நானும் இறங்கப் பாய்ந்தேன். படிப்பிக்கிற நான்! மாமிதான் சேட்டைப் பிடித்து இழுத்தா. கயிறு கட்டியிருந்தது அவனுக்கு மட்டும்.

பொடியன் இப்போது நல்ல சுகம். கதையில் தானே ஏறி வந்தானாம்.

ஆவணியில் வரும்போது சொக்லேற்று வேண்டாம். சட்டைப் பையில் கொழுவுகிற வாயு எச்சரிக்கை மானி ஒன்று வாங்கி வா. காசு கேட்காதே.

உன்
வாத்தி